வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை: லீவா, வீட்டிலிருந்து வேலையா, எல்.ஓ.பி.யா (சம்பளமில்லா விடுப்பு), ராஜினாமாவா?

"அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) எல்லாம் தீர்ந்துபோச்சு. இப்போ டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு. தனியா விட முடியல. பேப்பர் போட்டு வேலையை விட்டுடலாமா?"

தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் வாசகர்கள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்கும்போதே பாதி முடிவு எடுத்துவிட்டிருப்பார்கள். ஐ.சி.யு. வாசலில் சில நாள் தூக்கம் கெட்ட பிறகு, வேலைதான் முதலில் இறக்கிவைக்க வேண்டிய சுமையாகத் தெரியும். அது இயல்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வீடுகளில் ராஜினாமாதான் சரியான முடிவு. ஆனால் இருக்கும் வழிகளில் திரும்பப் பெற முடியாதது அது ஒன்றுதான். நோய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும் முன், முதல் மாதத்திலேயே அதில் கை வைக்காதீர்கள். மற்ற வழிகளை முதலில் கேட்டுப் பாருங்கள். கேட்டால் கிடைப்பவை பல உண்டு. கேட்காமலே வேலையை விட்டவர்கள்தான் அதிகம் வருந்துகிறார்கள்.

## சட்டம் எவ்வளவு தருகிறது?

பெற்றோரையோ துணையையோ பார்த்துக்கொள்வதற்கென்று தனியார் ஊழியருக்குத் தனி விடுப்பு எதையும் நம் நாட்டுச் சட்டம் தரவில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பெற்றோரைக் கவனிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்கிறது, தவறினால் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்ய முதலாளி ஒரு நாளாவது விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

ஆகவே கையில் இருப்பது பொது விடுப்புதான். கடைகள், வணிக அலுவலகங்களுக்குப் பொருந்தும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு, ஓராண்டு சர்வீஸ் முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை என்று வைத்திருக்கிறது. நோய் விடுப்பு உங்கள் நோய்க்கு. தற்செயல் விடுப்பை நியாயமான எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம், அம்மாவின் ஸ்கேன் தேதியும் அதில் அடக்கம். தொழிற்சாலையில் இருப்பவருக்கு வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பள விடுப்பு. அதற்கு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது.

மத்திய அரசு ஊழியரின் நிலை வேறு. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. வயதான பெற்றோரைக் கவனிப்பது உட்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் இவற்றை எடுக்கலாம் என்று அரசு 2025-இல் மாநிலங்களவையில் சொன்னது. பெண்களுக்கும், தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண்களுக்கும் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். அது பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றோருக்குப் பொருந்தாது. அரசு வேலையில் இருப்பவர்கள் இனி வரும் ஒப்பீட்டில் ராஜினாமாப் பகுதியைத் தாண்டிவிடலாம். விடுப்பு விதிகளைக் கடைசி வரி வரை படித்தால் அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

உங்கள் நிறுவனத்தின் லீவு பாலிசியையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சபாட்டிகல் (வேலையை விடாமல் எடுக்கும் நீண்ட இடைவெளி), பராமரிப்பு விடுப்பு, சக ஊழியர் தன் லீவைத் தானமாகக் கொடுக்கும் வசதி என்று சில இடங்களில் எழுதி வைத்திருப்பார்கள். மேனேஜருக்கே அது தெரியாமல் இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது?

நோயின் போக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தால் முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம்தான் கடுமையானது. பிறகு நடை திரும்பத் தொடங்கும். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம் பொன்னான காலம், பிசியோவில் கிடைக்கும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி அப்போதுதான் கிடைக்கும். கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு சுற்று: ஊசி போட்ட நாளும் அடுத்த சில நாளும் மோசமாக இருக்கும், பிறகு ஓரளவு தேறுவார்கள். டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போக்குவரத்துத் தனி. மறதி நோய் பல ஆண்டுகள் நீளும், வருடத்துக்கு வருடம் கூடும்.

இந்த ஐந்துக்கும் ஒரே லீவு பொருந்தாது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் மாத்திரை பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "முழுநேரமும் ஆள் தேவைப்படுவது எத்தனை வாரத்துக்கு? அதற்குப் பிறகு எது குறையும், எது கூடும்?" என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் லீவுக் கணக்கு தொடங்குவது அந்தப் பதிலிலிருந்துதான்.

கையில் வரும் பணம். சம்பளம் குறையும் அதே மாதத்தில் டயபர், பிசியோ, ஆட்டோ, மருந்து என்று செலவு ஏறும். வரவையும் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு. அப்பா அம்மா உங்கள் கம்பெனி இன்ஷூரன்ஸில் இருக்கிறார்களா? இருந்தால் வேலையோடு அதுவும் போகும்.

சர்வீஸ். கிராஜுவிட்டி (வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை), பென்ஷன், போனஸ், அப்ரைசல் எல்லாம் இதோடு சேர்ந்தவை.

உண்மையில் கிடைக்கும் நேரம். காகிதத்தில் இருக்கும் நேரமும் நோயாளிக்குப் பக்கத்தில் உட்காரக் கிடைக்கும் நேரமும் ஒன்றில்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

## வழி 1: இருக்கும் லீவைப் பிரித்து எடுப்பது

சம்பளம் குறையாது, சர்வீஸில் கை வைக்காது, யாருக்கும் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கீமோ, டயாலிசிஸின் ஆரம்பம், மாதாந்திர செக்-அப் போலத் தேதி முன்கூட்டியே தெரியும் நோய்களுக்கு இதுதான் ஏற்றது. ஆறு சுற்றுக் கீமோவுக்குச் சுற்றுக்கு இரண்டு நாள் என்றால் நான்கு மாதத்தில் 12 நாள். தேதிகளை ஒரே மெயிலில் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் டீமும் அதற்கேற்பத் திட்டம் போட்டுக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் வாரத்திலேயே இருந்த லீவு முழுவதையும் போட்டுவிடுவதுதான் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். ஐ.சி.யு.வில் இருக்கும்போது உங்களால் செய்ய முடிவது குறைவு, பார்க்க விடுவதே காலையும் மாலையும் கொஞ்ச நேரம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், டியூப் வழியாகக் கஞ்சி விட வேண்டும், இரவில் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி நாட்களை உறவினர்களிடம் முறை போட்டுக் கொடுத்துவிட்டு, உங்கள் லீவை வீட்டு நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு ஒன்று இருக்கிறது. லீவு தீர்ந்த பிறகு உங்களுக்கே காய்ச்சல் வந்தால் அது எல்.ஓ.பி. ஆகிவிடும். குறைந்தது ஐந்து நாளைத் தொடாமல் வைத்திருங்கள்.

## வழி 2: வீட்டிலிருந்து வேலை, ஷிப்ட் மாற்றம்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். சம்பளம் முழுதாக வரும், இன்ஷூரன்ஸ் தொடரும், சர்வீஸும் அப்படியே இருக்கும். மேனேஜருக்கும் ஆளை இழக்கும் பயம் இல்லை. காகிதத்தில் இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

வீட்டில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப் கால், அதாவது டீமின் தினசரிப் பேச்சு. பிசியோதெரபிஸ்ட் வருவதும் ஒன்பதரைக்குத்தான், அவருக்கு அதற்குப் பிறகு வேறு நான்கு வீடு இருக்கிறது. ஹெட்போனில் ஒரு காது, மறுகாது அப்பாவின் அறையில். அவர் கையைத் தூக்கச் சொல்லும் நேரத்தில் உங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். மியூட் எடுத்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினால் பயிற்சி முடிந்துவிட்டது, இன்று என்ன கற்றுக்கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. மதியம் நடந்ததை ஈடுகட்ட ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறப்பீர்கள். இப்படியே போனால் சில வாரத்தில் நீங்களும் படுத்துவிடுவீர்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை முழுநேர வேலையோடு தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. வீட்டிலிருந்து வேலை என்பது பக்கத்தில் இருப்பதற்கான வழி மட்டுமே. பகலில் இன்னொரு கை, அதாவது மனைவி, கணவர், தம்பி அல்லது ஓர் அட்டெண்டர் இருந்து, நீங்கள் அவசரத்துக்கு அடுத்த அறையில் இருந்தால் அது அருமையாக வேலை செய்யும். மறதி நோயின் ஆரம்பக் கட்டம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தேறும் காலம், தானே எழுந்து நடமாடும் ஆனால் தனியாக விட முடியாத பெரியவர் ஆகிய நிலைகளுக்கு இது பொருத்தம்.

கேட்கும்போது "முழுக்க வீட்டிலிருந்து" என்று கேட்பதைவிட "எட்டு வாரத்துக்கு, பிறகு மறுபரிசீலனை" என்று கேளுங்கள். முடிவுத் தேதி இருக்கும் கோரிக்கைக்கு ஒப்புதல் தருவது மேனேஜருக்கு எளிது. வாடிக்கையாளரின் பாதுகாப்பு விதி காரணமாக வீட்டிலிருந்து செய்யவே கூடாத புராஜெக்ட்டுகளும் உண்டு. அப்படியென்றால் புராஜெக்ட் மாற்றம் கேட்க வேண்டியிருக்கும்.

ஷிப்ட் மாற்றத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில் நடக்கிறது. மதியம் தொடங்கும் ஷிப்ட்டுக்கு மாறினால் ஓ.பி., ஸ்கேன், பேங்க் எல்லாம் லீவு இல்லாமலே முடியும். மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே இல்லை, அவர்களுக்கு இருக்கும் நெகிழ்வு ஷிப்ட் மாற்றிக்கொள்வது ஒன்றுதான். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, வேலை செய்பவருக்கு வராத நாள் என்றால் கூலி இல்லை, அவ்வளவுதான். இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் உங்கள் நோய்க்கு மட்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள எடுத்த நாளுக்குக் கிடைக்காது.

## வழி 3: நேரத்தையும் சம்பளத்தையும் குறைத்துக்கொள்வது

வாரம் மூன்று நாள், அல்லது தினம் நான்கு மணி நேரம். இந்தியாவில் இதற்கு ஒப்பும் நிறுவனங்கள் குறைவு. பள்ளி, கல்லூரி, சிறிய ஆடிட்டர் அலுவலகம், டிசைன் ஸ்டுடியோ போன்ற இடங்களில் முதலாளியிடம் நேரில் பேசி வாங்கலாம்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. பத்து வருடம் முழுச் சம்பளத்தில் இருந்துவிட்டு, அரைச் சம்பளத்துக்கு மாறி, ஆறு மாதத்தில் வேலையையும் விட்டால் பத்து வருடத்துக்குமான கிராஜுவிட்டியும் பாதியாகிவிடக்கூடும். குறைந்த நேரம் தற்காலிகம் என்றும், பழைய அடிப்படைச் சம்பளம் மாறவில்லை, வராத நேரத்துக்கு மட்டும் பிடித்தம் என்றும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

## வழி 4: சம்பளமில்லாமல் நீண்ட விடுப்பு

எல்.ஓ.பி. என்றாலே பலருக்கு ஒரு பயம். சம்பளம் வராத மாதத்தை நினைத்தால் வேலையை விட்டது போலவே தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. பக்கவாதம், பெரிய அறுவை சிகிச்சை, கடைசிக் கட்டப் புற்றுநோய் போல இரண்டு மூன்று மாதம் முழு ஆளாகப் பக்கத்தில் இருக்க வேண்டிய நிலைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

ஒரு கணக்கு போடுவோம். மாதச் சம்பளம் 70,000, அதில் அடிப்படை 35,000. சர்வீஸ் 4 வருடம் 2 மாதம். இவர் இப்போது ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி இல்லை, ஏனென்றால் நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு வேண்டும். (ஐந்தாம் ஆண்டில் 240 நாள் இருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் முழு ஐந்தையும் முடிப்பதே தகராறில்லாதது.) முறைப்படி அனுமதி பெற்று எடுத்த விடுப்பு தொடர் சர்வீஸை உடைக்காது. மூன்று மாதம் எல்.ஓ.பி. எடுத்துத் திரும்பி ஐந்தாண்டை முடித்தால், ஆண்டுக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் 35,000 × 15 ÷ 26 × 5, அதாவது ஏறக்குறைய 1,01,000 ரூபாய் அவருக்கு வரும். மூன்று மாதச் சம்பளம் 2,10,000 போகிறது என்பது உண்மைதான். ராஜினாமா செய்தால் அந்த 2,10,000-மும் போகும், இந்த ஒரு லட்சமும் போகும், அதற்கு மேல் புது வேலை தேடும் மாதங்களும் போகும்.

மறைந்திருக்கும் செலவுகள் இனி. எல்.ஓ.பி. மாதங்களில் பி.எஃப். கட்டப்படாது. இவருக்கு நிறுவனத்தின் பங்காக மாதம் 4,200 நிற்கும், அந்த நாட்கள் பி.எஃப். கணக்கில் பங்களிப்பில்லா நாட்களாகப் பதிவாகும். பெற்றோர் இன்ஷூரன்ஸ் பிரீமியம் சம்பளத்தில் பிடிக்கப்படுவதாக இருந்தால் அதைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். கேட்காமல் விட்டால் கவர் நின்றுவிடலாம். போனஸும் அப்ரைசலும் நாள் கணக்கில் குறையும். ஹோம் லோன் இ.எம்.ஐ. நிற்காது. புதிதாக லோன் போட நினைத்திருந்தால் பே ஸ்லிப்பில் எல்.ஓ.பி. இல்லாத மாதங்கள் சேரும்வரை காத்திருங்கள்.

குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளத்துடனான 26 வார மகப்பேறு விடுப்புக்குத் தகுதி பெற, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். மாமியாருக்காக எடுத்த நீண்ட எல்.ஓ.பி. அந்த 80 நாளைத் தின்றுவிடக் கூடாது.

எல்.ஓ.பி.யை வாய்மொழியாக எடுக்கவே கூடாது. "போயிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொன்ன மேனேஜர் இரண்டாவது மாதம் வேறு டீமுக்கு மாறிவிட்டால், நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வராதவர் ஆகிவிடுவீர்கள்.

## வழி 5: ஆள் வைத்துவிட்டு வேலையைத் தொடர்வது

"அம்மாவைக் கூலிக்கு ஆள் வைத்துப் பார்ப்பதா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து முடிவெடுக்காதீர்கள். குளிப்பாட்டத் தெரிந்த, தூக்கி உட்கார வைக்கத் தெரிந்த ஒருவர் பகலில் இருந்து, மாலையில் நீங்கள் தெம்போடு பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அதுவும் நல்ல கவனிப்புதான்.

அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. டியூப், சளி உறிஞ்சும் மெஷின், ஊசி இதெல்லாம் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை. ஏஜென்சியிடம் எந்தெந்த வேலை என்று பட்டியலிட்டுக் கேளுங்கள். முன்பணம், சாப்பாடு, தங்கும் இடம், ஆள் வராத நாளில் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது எல்லாமே செலவுக் கணக்கில் சேரும். மாதம் 25,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 30,000 சம்பளம் வாங்குபவருக்கு இந்த வழி கைகொடுக்காது. 70,000 வாங்குபவருக்கு எல்.ஓ.பி.யைவிட மலிவு. வருகிறவருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே ஆள் விழித்திருக்க முடியாது, அப்படி எதிர்பார்த்தால் நோயாளிதான் பாதிக்கப்படுவார்.

செலவைக் குறைக்க அரசு வழிகளும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பிசியோதெரபியும், தீராத நோயில் படுத்திருப்பவர்களுக்கு வலி தணிப்புக் கவனிப்பும் வீட்டிலேயே உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். நடுத்தரக் குடும்பங்கள் இது நமக்கில்லை என்று நினைத்து விட்டுவிடுகின்றன. முதியோர் உதவி எண் 14567-ஐயும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 6: ராஜினாமா

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல். ஐ.டி.யிலும் பெரிய நிறுவனங்களிலும் நோட்டீஸ் பீரியட் 60 முதல் 90 நாள். அந்த நாட்களில் லீவு பெரும்பாலும் தர மாட்டார்கள், எடுத்தால் நோட்டீஸ் அத்தனை நாள் நீளும். அப்பாவுக்கு நீங்கள் மிகவும் தேவைப்படும் மூன்று மாதம் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபரிலேயே போய்விடும். நோட்டீஸ் நாட்களை முடிக்காமல் உடனே வெளியே வரலாம் என்றால் அந்த நாட்களுக்கான சம்பளத்தை நீங்கள் கட்ட வேண்டும். அவசரத்துக்கு ராஜினாமா உதவவே உதவாது.

அடுத்தது இன்ஷூரன்ஸ். குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடியும். அறுபத்தெட்டு வயது, சுகர், போன மாதம் ஸ்ட்ரோக் என்றிருக்கும் ஒருவருக்குப் புதிதாக பாலிசி எடுக்கப்போனால் மறுக்கலாம், அல்லது ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைக்கலாம். அந்தக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டு. வேலையில் இருக்கும்போதே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பியுங்கள். ஏற்பது அவர்கள் மதிப்பீட்டைப் பொறுத்தது. ஏற்றால் குரூப்பில் கழிந்த காலம் காத்திருப்பில் கழியும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும்.

பி.எஃப். பணத்தைத் துடைத்தெடுக்காதீர்கள். ஐந்து ஆண்டு தொடர் சர்வீஸுக்கு முன் எடுத்தால் வரி உண்டு. பென்ஷனுக்குப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்பதால், எட்டோ ஒன்பதோ முடித்தவர்கள் கணக்கை அப்படியே விட்டு அடுத்த வேலையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் எப்போது விடலாம்? நோய் ஆண்டுக்கணக்கில் நீளும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், எல்.ஓ.பி. எடுத்துப் பார்த்தாயிற்று, ஆள் வைத்தும் சரிவரவில்லை, இன்னொருவர் வருமானத்தில் குடும்பம் ஓடும், காப்பீடும் வேறு வழியில் இருக்கிறது. இத்தனையும் பொருந்தினால் தயங்க வேண்டாம். வேறொரு நிலையும் உண்டு. டாக்டர் சில வாரம்தான் என்று சொல்லிவிட்டார், நிறுவனம் எல்.ஓ.பி. தர மறுக்கிறது. அப்போது கிராஜுவிட்டிக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. போய் அம்மா பக்கத்தில் இருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | சம்பளம் | இன்ஷூரன்ஸ், சர்வீஸ் | உண்மையில் கிடைக்கும் நேரம் | எந்த நிலைக்கு |
|---|---|---|---|---|
| லீவைப் பிரித்து எடுப்பது | குறையாது | தொடரும் | ஆண்டுக்குச் சில வாரம் | கீமோ, செக்-அப், டயாலிசிஸ் துவக்கம் |
| வீட்டிலிருந்து வேலை, ஷிப்ட் மாற்றம் | குறையாது | தொடரும் | அருகில் இருக்கலாம், கை கொடுப்பது கடினம் | தேறும் காலம், மறதியின் ஆரம்பம் |
| குறைந்த நேரம் | பாதியளவு | தொடரும், கிராஜுவிட்டியில் கவனம் | அரை நாள் உறுதி | டயாலிசிஸ், நீண்ட நோய் |
| எல்.ஓ.பி. | இல்லை | கேட்டு உறுதி செய்ய வேண்டும் | முழு நேரம், 1 முதல் 3 மாதம் | பக்கவாதம், பெரிய அறுவை சிகிச்சை, இறுதிக் கட்டம் |
| ஆள் வைப்பது | வரும், பெரும்பகுதி செலவாகும் | தொடரும் | மாலை, இரவு, வார இறுதி | பல மாதம் நீளும் படுக்கை நிலை |
| ராஜினாமா | இல்லை | முடியும் | நோட்டீஸுக்குப் பிறகு முழு நேரம் | ஆண்டுக்கணக்கில் நீளும் நோய், வேறு வருமானம் இருந்தால் |

இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. பக்கவாதம் வந்த வீட்டில் நான் சொல்லும் வரிசை இது: ஆஸ்பத்திரியில் உறவினர் முறை போக மிஞ்சும் நாட்களுக்குச் சி.எல். (தற்செயல் விடுப்பு), வீட்டுக்கு வந்ததும் ஈ.எல்., அதைத் தொடர்ந்து ஆறு வாரம் எல்.ஓ.பி., பிறகு பகலுக்கு அட்டெண்டர் வைத்து எட்டு வாரம் வீட்டிலிருந்து வேலை. ஏறக்குறைய நான்கு மாதத்தைக் கடக்க இது போதும். அதற்குள் அவர் எவ்வளவு தேறுவார் என்பதும் தெரிந்துவிடும்.

## யார் லீவு எடுப்பது?

வீட்டில் இந்தப் பேச்சு வந்ததும், சம்பளம் குறைவாக வாங்கும் பெண் வேலையை விடுவது என்று தானாகவே முடிவாகிவிடுகிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவீதம் பேர் குடும்பத்தினரைக் கவனிக்கும் வேலையில் ஈடுபட்டார்கள், நாளுக்குச் சராசரி 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். சின்னக் குழந்தைகளைப் பார்ப்பதும் இதில் சேர்ந்ததுதான். ஏற்கெனவே இவ்வளவு சுமப்பவர் தலையில்தான் அடுத்ததும் ஏறுகிறது.

இந்த மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். யார் வேலையில் பெற்றோருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, யார் கிராஜுவிட்டிக்கோ பென்ஷனுக்கோ பக்கத்தில் இருக்கிறார், யார் வெளியே வந்தால் திரும்ப நுழைவது கடினம் என்று பாருங்கள். நாற்பத்தைந்து வயதில் வெளியே வரும் பெண்ணுக்கு அதே பதவியில் மறுபடி வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேலை தேடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அண்ணன் ஆறு வாரம், தங்கை ஆறு வாரம் என்று எல்.ஓ.பி.யைப் பிரித்துக்கொண்டால் இரண்டு வேலையும் தப்பும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அட்டெண்டர் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளட்டும். பணம் அனுப்புவதைத் தயங்காமல் கேளுங்கள், அதுவும் பராமரிப்பில் ஒரு பங்குதான்.

## மெயிலில் என்ன இருக்க வேண்டும்?

மேனேஜரிடம் பேசிய அன்றே ஹெச்.ஆரையும் சேர்த்து ஒரு மெயில் போடுங்கள். நோயின் முழு விவரம் தேவையில்லை. யாருக்கு முடியவில்லை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன கேட்கிறீர்கள், உங்கள் வேலையை அதுவரை யார் பார்ப்பார், எப்போது மறுபரிசீலனை என்று நான்கு வரி போதும். டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள்.

எல்.ஓ.பி. என்றால் பதிலில் இவை வந்தாக வேண்டும்: விடுப்பு அனுமதிக்கப்பட்டது, சர்வீஸ் தொடர்ச்சியானதாகக் கருதப்படும், பெற்றோர் இன்ஷூரன்ஸ் தொடரும், பிரீமியம் எப்படிக் கட்ட வேண்டும், திரும்பும்போது எந்தப் பதவி. பதில் வராவிட்டால் நாகரிகமாக மறுபடி கேளுங்கள்.

நீண்ட விடுப்பில் போகும்போது சில நிறுவனங்கள் லாகினை நிறுத்திவிடும். கடைசி வேலை நாளுக்கு முன்பே அனுமதி மெயில், கடந்த ஆறு மாதப் பே ஸ்லிப், இன்ஷூரன்ஸ் இ-கார்டு, பி.எஃப். யு.ஏ.என். எண், ஹெச்.ஆரின் போன் நம்பர் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். இ-கார்டை ஒரு பிரதி எடுத்து வீட்டில் ரிப்போர்ட் ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். ராத்திரி ஆம்புலன்ஸில் ஏறும்போது யார் கூடப் போனாலும் அது கையில் இருக்கும்.